பூட்டைக் கழற்றினால் இன்ஜின் தாங்குமா?

நெதர்லாந்தில் ஒரே ஸ்கூட்டரை இரண்டு நிற நம்பர் பிளேட்டுகளில் பார்க்கலாம். நீல பிளேட் என்றால் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் போகலாம், மஞ்சள் என்றால் 45. வண்டி அதே பியாஜியோ ஜிப்பாக இருக்கும். இன்ஜினும் அதே 50 சிசி. கம்பெனியில் வேகத்தை எவ்வளவு இறுக்கிப் பூட்டி அனுப்பினார்கள் என்பதில்தான் வித்தியாசம். 2022 முடியும்வரை நீல பிளேட்டுக்கு ஹெல்மெட்கூடக் கட்டாயமில்லை. அப்புறம் கேட்க வேண்டுமா? நீல பிளேட் வண்டியை வாங்கி, பூட்டைக் கழற்றிவிட்டு, தலைமுடி பறக்க ஓட்டினார்கள் இளைஞர்கள். போலீஸார் உருளை பொருத்திய சோதனை மேடையைத் தெருவுக்கே கொண்டுவந்தார்கள். பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி ஆக்சிலேட்டரை முறுக்கினால், வண்டியின் உண்மையான வேகம் தெரிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்த வகை வண்டிக்கு உச்சவரம்பு 50 சிசி, 45 கிலோமீட்டர், 4 கிலோவாட். கழற்றினால் இன்ஜின் ஆயுசு குறையுமா என்று கேட்டால், எந்தப் பூட்டைக் கழற்றுகிறார்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஏனென்றால் ஒரு வண்டியிலேயே மூன்று நான்கு பூட்டுகள் இருக்கும்.

முதலாவது, வேரியேட்டருக்குள் இருக்கும் வாஷர். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட் இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஓடுகிறது. வேகம் ஏற ஏற உள்ளே உள்ள ரோலர்கள் தட்டை நெருக்கும், பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். காரில் டாப் கியர் போடுவதற்குச் சமம் இது. அந்தத் தட்டுகள் முழுவதும் நெருங்காதபடி ஒரு வளையத்தை இடையில் செருகிவிடுகிறார்கள். பெல்ட் பாதி வழியில் நின்றுவிடும். 45 கிலோமீட்டரிலேயே இன்ஜின் அலறத் தொடங்கும். வளையத்தை எடுத்தால் அதே 45-ஐ குறைந்த சுழற்சியில் தொட்டுவிடலாம். ஆக, இந்த ஒரு பூட்டைக் கழற்றுவது இன்ஜினுக்கு ஓய்வு கொடுக்கிறது என்றே சொல்லலாம். 45-லேயே ஓட்டுவதற்காக வளையத்தைக் கழற்றும் மகான் யார் என்பது வேறு விஷயம். 65-இல் போனால் காற்றைக் கிழிப்பதற்கு மட்டுமே 45-இல் செலவானதைப்போல் மூன்று மடங்கு சக்தி வேண்டும். அந்தச் சின்ன இன்ஜின் எந்நேரமும் முழு முறுக்கிலேயே ஓடவேண்டியிருக்கும். பெல்ட்டும் ரோலரும் சீக்கிரம் தேயும்.

இரண்டாவது, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டி. குறிப்பிட்ட சுழற்சியைத் தாண்டினால் அது ஸ்பார்க்கை நிறுத்திவிடும். அதை மாற்றி, நிமிடத்துக்கு 7,000 சுற்று ஓடிய இன்ஜினை 9,000-க்கு ஏற்றினால் பிஸ்டனும் கனெக்டிங் ராடும் பேரிங்கும் தாங்கவேண்டிய விசை சுமார் 65 சதவீதம் கூடுகிறது. சுழற்சியின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை ஏறும் என்பதால் வரும் கணக்கு இது. ஆயுசு குறைவது இங்கே நிச்சயம்.

மூன்றாவதுதான் நிறைய இன்ஜின்களைக் கொன்ற பூட்டு. டூ ஸ்ட்ரோக் வண்டியின் சைலன்சர் குழாயில் ஒரு வளையத்தைப் பற்றவைத்துப் புகை வழியைக் குறுக்கியிருப்பார்கள். அதை அறுத்தெறிந்ததும் இன்ஜின் தாராளமாக மூச்சுவிடும், கூடுதல் காற்றை இழுக்கும். ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுவது பழைய சின்ன ஜெட். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் எரிவெப்பம் ஏறுகிறது. உள்ளே ஆவியாகும் பெட்ரோல் தந்த குளிர்ச்சியும் குறைகிறது. அலுமினிய பிஸ்டன், வார்ப்பிரும்பு சிலிண்டரைவிட வேகமாக விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் சீஸ்! சாம்பல் வெள்ளையாக வெளுத்த பிளக்கைக் கழற்றிப் பார்த்தே மெக்கானிக் காரணத்தைச் சொல்லிவிடுவார். சரியான கலவையில் ஓடிய பிளக் காபி நிறத்தில் இருக்கும். இத்தாலியின் மலோசி, போலினி போன்ற நிறுவனங்களின் பந்தய பாகங்களைப் போடுபவர்கள் சைலன்சரோடு ஜெட்டையும் மாற்றிக் கலவையைச் சரிசெய்வதற்குக் காரணம் இதுதான். ஜெட்டை மறந்தவர்களின் வண்டிதான் பெரும்பாலும் ரீபோருக்குப் போகிறது.

வேகம் மட்டுமே இன்ஜினைக் கொல்லாது என்பதற்குச் சாட்சி கிழக்கு ஜெர்மனியில் இருக்கிறது. சூல் நகரில் தயாரான சிம்சன் எஸ்51, ஷ்வால்பே வண்டிகளும் 50 சிசி டூ ஸ்ட்ரோக்தான். அவற்றுக்கு மட்டும் 60 கிலோமீட்டர் அனுமதி; ஜெர்மனி ஒன்றிணைந்தபோது ஒப்பந்தத்திலேயே அந்தச் சலுகை காப்பாற்றப்பட்டது. எஸ்51 தன் முழுச் சக்தியான 3.7 குதிரைத் திறனை வெறும் 5,500 சுற்றிலேயே தந்துவிடும். பல பத்தாண்டுகள் கழித்தும் அவை தெருவில் ஓடுகின்றன, 60-க்கென்றே வடிவமைத்ததால்.

மற்றவர்களுக்கு ஜெர்மனியில் சலுகை இல்லை. பூட்டைக் கழற்றிய வண்டி சாலை அனுமதியை இழக்கும். மொபெட் லைசென்ஸ் மட்டும் வைத்திருப்பவர், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றவாளி ஆவார். ஓராண்டுவரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடமிருந்து 5,000 யூரோவரை வசூலிக்கலாம். புது பிஸ்டன் செட் இதற்கு முன்னால் மலிவு.

இந்தியாவிலும் 16 வயதில் ஓட்டலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் விட்டிருப்பது 50 சிசிக்கு உட்பட்ட வண்டியைத்தான். கடையில் அப்படி ஒரு பெட்ரோல் வண்டியைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

ஜப்பான் இப்போது வேறு வழியில் போகிறது. புகைக் கட்டுப்பாடு இறுகியதால் 50 சிசி வண்டிகளைத் தயாரிப்பது கட்டுப்படியாகவில்லை. 2025 ஏப்ரல் முதல், 4 கிலோவாட்டுக்குள் அடக்கப்பட்ட 125 சிசி வரையிலான வண்டியையும் பழைய 50 சிசி லைசென்ஸிலேயே ஓட்டலாம். வேக வரம்பு 50 சிசிக்கு இருக்கும் அதே 30 கிலோமீட்டர். பெரிய இன்ஜின் தன் முழுச் சக்தியைக் காட்டாமல் சாவகாசமாக ஓடுகிறது. யாராவது அந்தப் பூட்டைக் கழற்றினாலும் இன்ஜின் தன் இயல்பான சக்திக்குத் திரும்பும், அவ்வளவே. ஓட்டியவர் மட்டும் அந்த நொடியிலிருந்து லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிடுவார்.