புதுப்பித்த கார், அழிந்த சாட்சி

அமெரிக்காவின் பழைய கார் ஏலங்களிலும் விற்பனை விளம்பரங்களிலும் 1957-ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏர் ஓயாமல் கண்ணில் படுகிறது. கூர்ந்து நிற்கும் வால் இறக்கைகள், இரட்டை வண்ணப் பூச்சு, பளபளக்கும் க்ரோம் பம்பர். கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிள் மாடல் என்றால் விலை லட்சம் டாலரைத் தொடுவதும் உண்டு. ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். கூடவே வரிசையாகப் படங்கள் இருக்கும். பெரும்பாலும் எல்லாமே வேலை முடிந்த பிறகு எடுத்தவை. வாங்குபவருக்கு இது போதாது. எதைக் கழற்றினோம், எதை வெட்டினோம், எதை மாற்றினோம் என்ற முழுக் கணக்கையும் சேர்த்துத்தான் இப்படிப்பட்ட வண்டியை விற்க வேண்டும் என்பது என் வாதம். நேர்மை நல்ல குணம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புதுப்பிக்கும் தொழிலின் இயல்பே அப்படி. வேலை எவ்வளவு நேர்த்தியோ, அவ்வளவுக்கு அந்த வண்டியின் பழைய வாழ்க்கைக்கான தடயங்கள் துடைத்து எடுக்கப்படுகின்றன. பிறகு வண்டியைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. விற்பவர் சொன்னால்தான் உண்டு.

எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து செவ்ரோலே வி8 எஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கின் மேல் சின்னதாக ஒரு சமதளம் தெரியும். எஞ்சின் எண்ணும், ஆலையையும் எஞ்சின் வகையையும் குறிக்கும் எழுத்துகளும் அங்கேதான் அடிக்கப்பட்டிருக்கும். பிளாக்கை வார்த்த தேதி வேறோர் இடத்தில், கியர்பாக்ஸ் வந்து சேரும் பின் விளிம்பில், புடைப்பு எழுத்தாக இருக்கும்: முதலில் மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, அடுத்து நாள், அடுத்து ஆண்டின் கடைசி இலக்கம். 1957 மார்ச் 15 என்றால் ‘சி 15 7’. இப்போது எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்கும் மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் சரியாக உட்காருவதற்காக பிளாக்கின் மேல்தளத்தை மெஷினில் சீவுகிறார். நல்ல வேலைதான். ஆனால் எண் அடித்த இடமும் அதே தளத்தில் இருப்பதால் எண்ணும் சேர்ந்து போய்விடுகிறது. அதன்மேல் புது எண்ணை அடித்துக்கொள்ளும் ஆட்களும் இருக்கிறார்கள். ‘மேட்சிங் நம்பர்ஸ்’ (எண்கள் பொருந்துகின்றன) என்று விளம்பரங்களில் பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தக் காலத்து செவ்ரோலே பயணிகள் காரில் எஞ்சின் எண்ணும் வண்டி எண்ணும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறு. அதிகபட்சம், வார்ப்புத் தேதியும் வண்டி தயாரான தேதியும் பொருந்தி வருகின்றன என்று காட்டலாம். பாடியின் கதையும் இதேதான். துரு தின்ற தரைத்தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, பட்டி போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் துரு எதுவரை போயிருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடிய மைல்? மீட்டரில் 99,999-க்கு மேல் எண்ண இடமில்லை. 45,000 என்று காட்டினால் அது 1,45,000 ஆகவும் இருக்கலாம்.

1955, 56, 57 மாடல்களுக்கென்றே ஒரு பெரிய உதிரிபாகத் தொழில் அமெரிக்காவில் வளர்ந்திருக்கிறது. கதவுக் கைப்பிடி, சீட் துணி, கிரில் என்பதைத் தாண்டி, இன்று பாடி ஷெல்லையே முழுதாகப் புதிதாக வாங்கலாம். புது ஷெல், புது எஞ்சின், புது வயரிங், அதன்மேல் ஒரு பழைய அடையாளத் தகடு என்று ஒரு ‘1957 பெல் ஏர்’ உருவாகிவிட முடியும். தகட்டில் ‘விசி57’ என்று தொடங்கினால் அது வி8 எஞ்சின் பூட்டிய பெல் ஏர். அடுத்து ‘என்’ இருந்தால் ஓஹையோவின் நார்வுட் ஆலையில் கட்டியது. அந்தச் சின்னத் தகடு எப்படி இங்கே வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்சஸ் மாநிலத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒருவர் 2016-இல் சுமார் 50,000 டாலர் கொடுத்து, புதுப்பித்த 1959 செவ்ரோலே கார்வெட் ஒன்றை வாங்கினார். சொந்த மாநிலத்தில் பதிவு செய்யப் போனார். அடையாள எண் தகட்டைக் கழற்றி மறுபடி பூட்டியிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்த நெடுஞ்சாலைக் காவல்துறை வண்டியைப் பறிமுதல் செய்தது. முன்பு நடந்த புதுப்பிப்பு வேலையில் கழற்றியது அது. வாங்கியவர் மேல் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அன்றைய மாநிலச் சட்டப்படி அந்த வண்டி அழிக்கப்பட வேண்டிய பொருள். வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. 2022-இல் சட்டமன்றம் பழைய வண்டிகளுக்கு விலக்கு தந்து சட்டத்தைத் திருத்திய பிறகே, 2023-இல், கார் அவர் கைக்குத் திரும்பியது. தகட்டைக் கழற்றிய விவரம் ஒரு தாளில் எழுதியிருந்தால் பழைய சட்டம் மாறியிருக்காது. ஆனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் 2013 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் பியர்ஸ் என்ற சிற்றூரில் நடந்தது. லாம்பிரெக்ட் என்ற செவ்ரோலே டீலர் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த சுமார் 500 வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் 1958 மாடல் கேமியோ பிக்கப் ஒன்று 1.3 மைல் மட்டுமே ஓடியிருந்தது. யாரும் அதைப் புதுப்பிக்கவில்லை. அது 1,40,000 டாலருக்குப் போனது. அதே மாடலைத் தேய்த்து மெருகேற்றி நிறுத்தினாலும் அந்த விலை எளிதில் வராது. ஆலை அடித்த பெயின்ட், ஆலை முடுக்கிய போல்ட் எல்லாம் அப்படியே இருந்ததால், யாருடைய வாக்குமூலமும் அந்த வண்டிக்குத் தேவைப்படவில்லை. அபூர்வமான ஒன்றைக் காட்டிப் பொது விதி பேசக்கூடாது என்று சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய கார் சங்கங்களின் போட்டி விதிகளும் இதையே சொல்கின்றன. 1974-இல் தொடங்கிய தேசிய கார்வெட் புதுப்பிப்பாளர் சங்கம் பளபளப்புக்கு மார்க் போடுவதில்லை. ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடி இருக்கிறதா என்று பாகம் பாகமாகப் பார்த்துத்தான் புள்ளி தருகிறது.

எல்லாவற்றையும் சொன்னால் விலை விழுமே என்பது விற்பவரின் முதல் கவலை. நியாயமான கவலை. இந்த வேலையில் போட்ட காசு திரும்பி வருவதே அரிது. க்ரோம் பிளேட்டிங், பெயின்ட், சீட் வேலை, எஞ்சின் என்று கணக்குப் போட்டால், பல வண்டிகளில் செலவு விற்பனை விலையைத் தாண்டிவிடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் சிலர் வாய்மூடி இருக்கிறார்கள். ஆனால் விற்பவர் ஆசைப்பட்டுச் செலவழித்த பணம், வாங்குபவர் தீர்க்க வேண்டிய கடன் ஆகாது. தவிர, மௌனம் எப்போதும் லாபம் தருவதும் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் கையில் காந்தத்தோடும், பெயின்ட் கனம் அளக்கும் கருவியோடும் வருகிறார்கள். பட்டி போட்ட இடத்தில் காந்தம் ஒட்டாது. சொல்லாத ஓர் ஒட்டு அகப்பட்டால், மீதி எல்லாவற்றிலும் சந்தேகம் வந்து விலையை இன்னும் கீழே இழுப்பார்கள். பாதியில் எழுந்தும் போவார்கள். கார்வெட்டில் காந்தமும் உதவாது, அதன் பாடி ஃபைபர்கிளாஸ். அங்கே காகிதத்தை விட்டால் வேறு கதியில்லை.

சோதித்துப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு, ‘உள்ளது உள்ளபடி’ என்று எழுதித்தானே விற்கிறோம் என்பார்கள் சிலர். அழிந்துபோனதைச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாது என்பதை மேலேயே பார்த்தோம். சட்டமும் அவர்கள் நினைக்கும் அளவுக்குத் துணை நிற்காது. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட சீரான வணிகச் சட்டத்தில், விற்பவர் பொருளைப் பற்றித் தரும் விவரணை பேரத்தின் அடிப்படையாக இருந்தால் அதுவே உத்தரவாதம். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வாசகம் சொல்லாமல் விட்ட உத்தரவாதங்களை நீக்கும். ‘இதே வண்டியில் வந்த எஞ்சின்’ என்று எழுதிக் கொடுத்ததை அழிக்காது. ‘அருமையான வண்டி’ என்பது வெறும் புகழ்ச்சி, அதற்கு யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. எஞ்சினைப் பற்றிய வாக்கியம் அப்படிப்பட்டதில்லை.

மாற்றங்கள் வண்டிக்கு நல்லதுதானே என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். ஐம்பதுகளின் கார்களில் பிரேக்குக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதை இரட்டைச் சுற்றாக மாற்றி, சீட் பெல்ட் பூட்டியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஹவானா தெருக்களில் ஓடும் பெல் ஏர்களிலும் பியூக்குகளிலும் ரஷ்ய எஞ்சினும் டீசல் எஞ்சினும் சர்வசாதாரணம். 2011 வரை கியூபாவில் புரட்சிக்கு முன்பே இருந்த வண்டிகளை மட்டுமே தாராளமாக வாங்கி விற்க முடிந்தது. ஆகவே கிடைத்ததைப் பூட்டி ஓட்டினார்கள். அங்கே அதை யாரும் மறைப்பதில்லை, பானெட்டைத் திறந்தாலே தெரியும். மாற்றியதில் தவறில்லை, மாற்றியதை மாற்றாததுபோல் காட்டி அதற்குரிய விலை கேட்பதில்தான் தவறு.

ஆகவே சாவியோடு ஒரு கோப்பும் கைமாற வேண்டும். தரைத்தகட்டை வெட்டுவதற்கு முன் எடுத்த படம், பிளாக்கைச் சீவுவதற்கு முன் எண்ணைத் தேதியோடு எடுத்த படம், தகட்டைக் கழற்றியிருந்தால் ஏன், யார், எப்போது என்ற குறிப்பு, புது பாகங்களின் ரசீதுகள், ஆலையிலிருந்து மிஞ்சியிருக்கும் பாகங்களின் பட்டியல். இப்போது பழைய கார் வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இது கைப்பேசியில் முடியும் காரியம். பல கை மாறி வந்த வண்டியில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்காதுதான். முந்தைய உரிமையாளர் காலத்து வேலைக்கு ரசீது இல்லையென்றால், அந்தப் பாகத்துக்கு நேரே ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடலாம். எந்த இடத்தைக் கூடுதலாகச் சோதிக்க வேண்டும், அதற்கு எவ்வளவு விலை குறைத்துக் கேட்க வேண்டும் என்பதை வாங்குபவர் முடிவு செய்துகொள்வார்.