ஜெனரல் காலண்டின் வழக்கு

ராஜசபைகளிலே உண்மையை உரைப்போர் எக்காலத்திலும் அரியர். உரைத்தவர்களின் கதி யாதாயிற்று என்பதைச் சரித்திரம் பலவிடங்களில் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அவர்கள் உரைத்த உண்மை எத்தகையது என்ற கேள்வியை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. "இவ்வழியே சென்றால் தோற்போம்" என்று அரசனிடம் சொல்வது ஒன்று. "நாம் செய்வது அக்கிரமம்" என்று சொல்வது மற்றொன்று. முதலாவதை அஞ்சாது சொல்லி, இரண்டாவதன் பக்கமே போகாதிருந்த ஒரு போர்வீரரின் வரலாற்றை இன்று வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். அவர் பெயர் அடால்ப் காலண்ட். இரண்டாவது உலக மகாயுத்தத்தில் 104 எதிரி விமானங்களை வீழ்த்தியவர் என்று கணக்கிடப்பட்டவர். முப்பதாவது வயதிலே ஜெனரல் பதவி பெற்றவர். ஜெர்மன் சண்டை விமானப் படை முழுவதற்கும் மூன்று வருஷங்களுக்கு மேல் தலைவராயிருந்தவர்.

அவர் 1912-ம் வருஷம் மார்ச் 19-ந் தேதி வெஸ்ட்பேலியாவில் வெஸ்டர்ஹோல்ட் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஒரு பிரபுவின் பண்ணைக்கு மேற்பார்வை அதிகாரி. முதல் மகாயுத்தத்திற்குப் பின் 1919-ல் ஏற்பட்ட வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை ஜெர்மனி விமானப் படை வைத்திருக்கலாகாதென்று தடுத்துவிட்டது. யந்திரம் வைத்த போர் விமானத்தைத் தடுத்தார்களேயன்றி, காற்றில் மிதக்கும் கிளைடரைத் தடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தலைமுறை வாலிபர்கள் கிளைடரிலே பறக்கக் கற்றார்கள். காலண்டும் அப்படியே கற்றார். 1932-ல் வியாபார விமானிகளுக்கான பள்ளியில் சேர்ந்தார். மறு வருஷம் இத்தாலிக்கு இரகசியமாக அனுப்பப்பட்டு, யுத்தப் பயிற்சியும் பெற்றார். ஒரு தேசத்தின் கையைக் கட்டிப்போட எழுதப்படும் உடன்படிக்கைகள் நடைமுறையில் எவ்வளவு செல்லும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

1935-ல் விமான விபத்தில் சிக்கி, மூன்று நாள் பிரக்ஞையின்றிக் கிடந்தார். இடது கண்ணில் கண்ணாடித் துணுக்குகள் தங்கிவிட்டன. வைத்தியர்கள் பறக்கத் தகுதியில்லை என்றார்கள். அவரோ பார்வைப் பரீட்சை அட்டையிலுள்ள எழுத்துக்களை வரிசையாக நெட்டுருப் போட்டுக்கொண்டு போய் ஒப்பித்துத் தேறிவிட்டார்! ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, ஹிட்லர் ஜெனரல் பிராங்கோவுக்கு உதவியாக அனுப்பிய காண்டார் படையில் 1937-ல் போய்ச் சேர்ந்தார். அவர் சேர்வதற்குச் சில தினங்கள் முன்னர், ஏப்ரல் 26-ந் தேதி, அதே படைதான் குவெர்னிகா என்ற பட்டணத்தைக் குண்டு போட்டு எரித்து உலகத்தின் சாபத்தைக் கட்டிக்கொண்டது. அந்தத் தினத்தில் காலண்ட் அங்கே இல்லை; ஆயினும் அந்தப் படையிலேயே ஒரு பிரிவுக்குத் தலைவராக இருந்து, தரைப்படைகளைத் தாழப் பறந்து தாக்கும் வேலையை ஒரு வருஷம் செய்தார். 1939-ல் போலந்தின்மீது பாய்ந்தபோதும் அவருக்கு அதே வேலை. பின்னர், திறந்த ஆசன விமானம் தமது வாத நோய்க்கு ஆகாது என்று ஒரு பொய்க் காரணம் காட்டி, சண்டை விமானப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கண் இல்லாத இடத்தில் கண்ணும், நோய் இல்லாத இடத்தில் நோயும் உண்டாக்கத் தெரிந்தவர் என்று நாம் சிரிக்கலாம். வானத்தில் சண்டையிடுவதன்றி வேறெதையும் அவர் விரும்பவில்லை என்பதற்கு இவையே சாட்சி.

1940 மே 12-ந் தேதி பெல்ஜியத்தில் அவருடைய முதல் வெற்றிகள். அவ்வாண்டு ஆகஸ்டில் பிரான்ஸின் கடற்கரையிலிருந்த 26-வது சண்டை விமானப் படைக்குத் தலைவரானார். இங்கிலாந்தின்மீது ஜெர்மனி தொடுத்த ஆகாய யுத்தத்தின் உச்ச காலம் அது. மெஸ்ஸர்ஷ்மிட் 109 என்ற ஜெர்மன் சண்டை விமானம் லண்டன்வரை சென்றால், அங்கே சண்டையிட அதற்குள்ள எண்ணெய் பத்து நிமிஷத்துக்குச் சற்று மேல்தான் போதும். குண்டு விமானங்கள் நஷ்டமடைவதைக் கண்ட விமானப் படை எஜமானர் கோயரிங், சண்டை விமானங்கள் குண்டு விமானங்களை விட்டு அகலாமல் ஒட்டியே பறக்கவேண்டும் என்று கட்டளையிட்டார். காலிலே நூல் கட்டிய வல்லூறு எதை வேட்டையாடும்? கடற்கரைக்கு வந்து தமது தளபதிகளைக் கடிந்துகொண்ட கோயரிங், முடிவில் தணிந்து, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். மோல்டர்ஸ் என்ற தளபதி இன்னும் வலுவான யந்திரங்கள் கேட்டார். காலண்டோ, தம் படைக்கு ஆங்கிலேயரின் ஸ்பிட்பயர் விமானங்கள் வேண்டும் என்றார். எஜமானர் பதில் பேசாமல் திரும்பிப் போய்விட்டாராம். தமது விமானத்தைக் குறைவாக நினைத்து அப்படிச் சொல்லவில்லை என்றும், மூடக் கட்டளையால் வந்த கோபத்தில் சொன்னதென்றும் காலண்ட் பின்னாளில் விளக்கியிருக்கிறார்.

பாராசூட்டில் தப்பி இறங்கும் எதிரி விமானிகளைச் சுடுவது பற்றிக் கோயரிங் ஒருமுறை அபிப்பிராயம் கேட்டதாகவும், அது கொலை என்று தாம் மறுத்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். நியாயஸ்தலங்களில் காலங் கழித்த நமக்கு, தமக்குச் சாதகமாகத் தாமே சொல்லும் சாட்சியத்தை அப்படியே விழுங்கும் பழக்கம் இல்லை. எனினும் அவர் எதிரிகளிடம் நடந்துகொண்ட முறைக்கு எதிரிகளின் சாட்சியமே இருக்கிறது. 1931-லேயே இரு கால்களையும் இழந்து, பொய்க் கால்களோடு விமானம் ஓட்டிய பேடர் என்னும் பிரிட்டிஷ் வீரர் 1941 ஆகஸ்டு 9-ந் தேதி பிரான்ஸில் சிறைப்பட்டார். ஒரு பொய்க் கால் விமானத்தோடு போயிற்று. காலண்ட் அவரைத் தம் முகாமுக்கு விருந்தாளியாக அழைத்துத் தமது விமானத்தில் உட்கார்ந்து பார்க்கவும் விட்டார். மாற்றுக் காலை அனுப்பும்படி இங்கிலாந்துக்குச் செய்தி போயிற்று. ஆங்கிலேயரும் பத்து நாளில் அதைப் பாராசூட்டில் போட்டார்கள். காலைப் போட்ட கையோடு குண்டு போடவும் சென்றார்கள். யுத்த தர்மம் என்பது இத்தகைய விசித்திரங்களின் கலவை.

அவ்வாண்டு நவம்பரில் விமானப் படையின் யந்திரத் தயாரிப்பு அதிகாரியான ஊடெட், சகிக்க முடியாத பொறுப்பாலும் கோயரிங்கின் பழிச்சொல்லாலும் மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டார். புதிய ஆயுதத்தைச் சோதிக்கையில் இறந்தார் என்று சர்க்கார் ஊரறியப் பொய் சொல்லிற்று. அந்தச் சாவுச் சடங்குக்கு வந்துகொண்டிருந்த மோல்டர்ஸ் 22-ந் தேதி விபத்தில் மாண்டார். மோல்டர்ஸின் ஸ்தானம் காலண்டுக்குக் கிடைத்தது. இரண்டு பிரேதங்களின்மீது ஏறி வந்த பதவி! அடுத்த பிப்ரவரியில் மூன்று பெரிய ஜெர்மன் யுத்தக் கப்பல்கள் பட்டப்பகலில் இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து தப்பியபோது, ஆகாயத்திலிருந்து அவற்றைக் காத்தது அவருடைய ஏற்பாடுதான். அதன்பின் அவர் கண்டதெல்லாம் இறங்குமுகமே. அவருடைய இரு தம்பியரும் சண்டை விமானிகள். ஒருவர் 1942 அக்டோபரிலும் மற்றவர் 1943 ஆகஸ்டிலும் மாண்டார்கள்.

இனி ஆகென் விவகாரத்துக்கு வருவோம். ஜெர்மனியின் மேற்கெல்லையிலுள்ள நகரம் ஆகென். 1943-ல் அமெரிக்கக் குண்டு விமானங்களுக்குத் துணையாக வந்த சண்டை விமானங்கள் சில அங்கே சுட்டு வீழ்த்தப்பட்டன. எதிரியின் சண்டை விமானங்கள் நமது மண்வரை வரத் தொடங்கிவிட்டன, நாளை இன்னும் உள்ளே வரும் என்று காலண்ட் ஹிட்லரிடம் எச்சரித்தார். கோயரிங் சினந்து, அப்படி வரவே முடியாது என்றார். சிதைந்து கிடக்கின்றன, போய்ப் பார்க்கலாம் என்றார் காலண்ட். எங்கோ மேற்கே அடிபட்டு, உயரத்திலிருந்து மிதந்து வந்து ஆகெனில் விழுந்திருக்கும் என்றார் கோயரிங். அடிபட்ட விமானி தன் நாட்டை நோக்கி மிதப்பானா, எதிரியின் நாட்டுக்குள் மிதப்பானா? கடைசியில், அவை அங்கே வரவில்லை என்று உத்தியோக பூர்வமாக உத்தரவிடுகிறேன் என்று கத்திவிட்டு எஜமானர் புறப்பட்டார். உத்தரவானால் உத்தரவுதான் என்று தளபதி புன்னகையோடு பதிலளித்தாராம். இதைச் சொல்பவர் தளவாட மந்திரியாயிருந்த ஸ்பீர். நூரெம்பர்க் விசாரணையில் 1946-ல் 20 வருஷத் தண்டனை பெற்ற கைதி அவர். ஆகவே அவர் சாட்சியத்தையும் உப்புப் போட்டே கொள்ளவேண்டும். ஆனால் அடுத்த வருஷம் நடந்தது சாட்சியமே வேண்டாதது. அமெரிக்கச் சண்டை விமானங்கள் பெர்லின்வரை வந்தன. 1944 ஜனவரி முதல் ஏப்ரல்வரை பகற்போர் விமானிகள் 1,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள் என்று காலண்ட் அறிக்கை கொடுத்தார். உத்தரவினால் விமானங்களை மறைக்கலாம். ஆயிரம் விமானிகளை எங்கிருந்து வரவழைப்பது?

அவர் நம்பிக்கை முழுவதும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்ற ஜெட் விமானத்தின்மீது இருந்தது. 1943 மே மாதத்தில் அதைத் தாமே ஓட்டிப் பார்த்தார். மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர் வேகம். அக்காலத்துச் சண்டை விமானம் எதுவும் அதை எட்டாது. ஹிட்லரோ அது குண்டு சுமக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிடிவாதத்தால்தான் ஆகாயம் கைவிட்டுப் போயிற்று என்பது காலண்டின் வாதம். நமக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. நிக்கல், குரோமியம் போன்ற உலோகங்களுக்குப் பஞ்சம். அதனால் ஜெட் யந்திரம் சில மணி நேரங்களிலேயே பழுதாகிவிடும் நிலைமை. யந்திரம் தயாராவதில் நேர்ந்த தாமதமே பெருங்காரணம் என்று ஆராய்ச்சியாளர் பலர் பின்னர் காட்டியிருக்கிறார்கள்.

தோல்வி நெருங்க நெருங்கக் கோயரிங் தம் விமானிகளையே கோழைகள் என்று ஏசத் தொடங்கினார். பொய்க் கணக்குக் காட்டிப் பதக்கம் வாங்கினார்கள் என்றார். காலண்ட் தமது கழுத்திலிருந்த நைட் சிலுவைப் பதக்கத்தைக் கழற்றி மேஜைமீது எறிந்து, பல மாதங்கள் அணியாதிருந்தார். ஒரே நாளில் 2,000-க்கு மேற்பட்ட விமானங்களை ஏவி அமெரிக்கரைத் திகைக்கச் செய்ய வேண்டுமென்று அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த படையை, ஹிட்லர் ஆர்டென்ஸ் தரைப்போருக்குத் திருப்பிவிட்டார். 1945 ஜனவரி 1-ந் தேதி காலை நேசக் கட்சியாரின் விமான நிலையங்களைத் தாக்கியதில் சுமார் 300 விமானங்கள் ஒரே நாளில் அழிந்தன. அம்மாதமே காலண்ட் பதவியிழந்தார். லுட்ஸோ முதலிய மூத்த தளபதிகள் பெர்லினில் கோயரிங்கை நேரில் கண்டு குறைகளை எழுதி நீட்ட, "உன்னைச் சுட்டுவிடுவேன்" என்று மிரட்டி லுட்ஸோவை இத்தாலிக்குத் துரத்தினார் எஜமானர்.

காலண்டுக்குக் கிடைத்த தண்டனை விநோதமானது. ஜெட் விமானங்கள் கொண்ட ஒரு சிறு பிரிவை அமைத்துக்கொண்டு போய்ப் போரிடலாம் என்று ஹிட்லர் அனுமதித்தார். போரிட்டுச் சாகட்டும் என்பது கோயரிங்கின் கருத்தாயிருந்திருக்கலாம். 44-வது பிரிவு என்ற அந்தக் கூட்டத்தில், ஸ்டெய்ன்ஹாப், இத்தாலியிலிருந்து மீண்ட லுட்ஸோ போன்ற ஒதுக்கப்பட்ட தளபதிகள் சாதாரண விமானிகளாக வந்து சேர்ந்தார்கள். ம்யூனிக்குக்கருகே ரீம் நிலையத்திலிருந்து பறந்தார்கள். ஏப்ரல் 18-ந் தேதி ஸ்டெய்ன்ஹாப் தீயில் கருகினார். 24-ந் தேதி பறந்துபோன லுட்ஸோ திரும்பவேயில்லை. 26-ந் தேதி காலண்ட் முழங்காலில் காயம்பட்டு, குண்டுமழைக்கிடையே தரையிறங்கினார். நான்கு நாட் கழித்து ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார்.

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழருக்குக் கும்பகருணன் நினைவு வருவது இயல்பு. தமையன் தோற்பான் என்றறிந்தும் செஞ்சோற்றுக் கடன் கழிக்கப் போர்க்களம் புகுந்தவன் அவன். ஆனால் உவமை பாதிவழியிலே நின்றுவிடுகிறது. கும்பகருணன் முதலில் சொன்னது படைபலத்தைப் பற்றியதன்று. பிறன்மனை கவர்ந்தது பிழை, அவளை விட்டுவிடு என்பதே. அதைச் சொல்லிய பிறகே அவன் வேலெடுத்தான். காலண்ட் எஜமானர்களோடு வாதாடிய வாதங்களைத் திரட்டிப் பார்த்தால், எத்தனை விமானம், எவ்வளவு எண்ணெய், குண்டா துப்பாக்கியா என்பவையே எஞ்சுகின்றன. அவர் போற்றிய அந்த ஜெட் விமானத்தின் உடற்பாகங்கள் எங்கே செய்யப்பட்டன? ஆஸ்திரியாவில் கூஸன் என்னுமிடத்துச் சுரங்கங்களிலே, சித்திரவதை முகாமின் கைதிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழச் செய்யப்பட்டன. ம்யூனிக் சர்வகலாசாலையில் துண்டுப் பிரசுரம் வீசியதற்காக ஸோபி ஷோல் என்ற 21 வயதுப் பெண்ணின் தலையை 1943 பிப்ரவரியில் அந்த அரசு வெட்டிற்று. அவளுக்குப் பதக்கமுமில்லை, படையுமில்லை. அப்பொழுது ஜெனரலாயிருந்தவருக்கு அவற்றில் எல்லாம் இருந்தன. யுத்தக் குற்றவாளியென்று எந்த நியாயஸ்தலமும் காலண்டைக் கூண்டில் ஏற்றவில்லை. ஏற்றுவதற்குச் சான்றும் இல்லை. முதல் வினாவில் அவர் வீரர், நேர்மையாளர் என்று தீர்ப்பளிக்க நமக்குத் தயக்கமில்லை. இரண்டாவது வினா அவரிடம் கேட்கப்படவேயில்லை. தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதாகவும் அவர் செயலில் ஓர் அறிகுறியைக் காணோம்.

1947-ல் விடுதலையானபின் அர்ஜெண்டினா சென்று, அந்நாட்டு விமானப் படைக்கு யோசனை சொல்பவராக 1955 வரை இருந்தார். 1953-ல் வெளியான அவரது சுயசரிதம் பல பாஷைகளில் பெயர்க்கப்பட்டது. கோயரிங்கின் அறியாமையும் ஹிட்லரின் பிடிவாதமும் அதன் முக்கியப் புகார். முகமெல்லாம் தழும்பேறிய ஸ்டெய்ன்ஹாப் மேற்கு ஜெர்மனியின் விமானப் படைத் தலைவராக 1966 முதல் 1970 வரை இருந்தார். காலண்டுக்குப் புதிய படையில் இடம் கிடைக்கவில்லை. பழைய எதிரிகளான பேடரும் டக்கும் அவருக்கு உற்ற நண்பர்களானார்கள். 1940-ம் வருஷத்து ஆகாய யுத்தத்தைப் படமாக்கிய ஆங்கிலேயர், 1969-ல் வெளிவந்த அப்படத்திற்கு அவரிடமே ஆலோசனை பெற்றார்கள். ரைன் நதிக்கரையில் ஓபர்வின்டர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 9-ந் தேதி, தமது 83-வது வயதில், காலண்ட் காலமானார்.