தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணி: அமைப்பு வரலாறும் சொல்லாட்சியும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியின் அரை நூற்றாண்டு வரலாறு, இந்திய அணியில் இடம்பெற்ற சிலரின் தனிப்பட்ட சாதனைகளாகவே அறியப்பட்டுள்ளது. அணி என்ற கூட்டமைப்பின் வரலாறாக அது எழுதப்படவில்லை. இந்நிலைக்கான காரணங்களை நிருவாக மாற்றம், வேலைவாய்ப்பு, போட்டி அமைப்பு, சொல்லாட்சி ஆகிய நான்கு நிலைகளில் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மகளிர் கிரிக்கெட், மாநில அணி, வட்டாரம், பால் சுட்டும் சொற்கள், வாய்மொழி வரலாறு.

முன்னுரை

விளையாட்டு தமிழாய்வுக்குப் புதிய பொருள் அன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டைக் கூறுகிறது. கழங்கு, பந்து, ஊசல், ஓரை எனச் சங்க இலக்கியம் மகளிர் ஆடல்கள் பலவற்றைக் காட்டுகிறது. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் பந்தாட்டத்திற்கெனக் கந்துகவரியே அமைந்துள்ளது. இவை ஆயத்தாருடன் ஆடப்பெற்ற ஆடல்கள். ஒரு நாட்டின் அல்லது மாநிலத்தின் பெயரைத் தாங்கி மகளிர் குழு ஒன்று களம் இறங்குவதும், அதன் வெற்றி தோல்விகள் எண்களாகப் பதிவு பெறுவதும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய புதுமைகள். அப்புதுமையின் தமிழக வடிவங்களுள் ஒன்று தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணி.

'தமிழ்நாடு மகளிர் அணி' என்னும் தொடரில் வட்டாரம், பால், கூட்டு ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. இம்மூன்றும் எவ்வாறு உருப்பெற்றன, எங்கே நெகிழ்ந்தன என்பதே இக்கட்டுரையின் வினா. ஆய்வெல்லை 1973 முதல் 2025 வரையிலான காலம் ஆகும்.

1. சங்கத்தின் காலம் (1973–2006)

தமிழகத்தின் ஆடவர் அணி 'மெட்ராஸ்' என்ற பெயரில் 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மைசூர் அணியை எதிர்த்து ஆடியது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அதுவே. மகளிர் கிரிக்கெட் அமைப்பு வடிவம் பெற அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1973ஆம் ஆண்டில் இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் இலக்னோவில் பதிவு செய்யப்பெற்றது. மகேந்திர குமார் சர்மா அதன் நிறுவனச் செயலாளர்; பேகம் ஹமீதா ஹபிபுல்லா முதல் தலைவர். அவ்வாண்டு ஏப்ரலில் பூனாவில் நடந்த முதல் மாநிலங்களிடைப் போட்டியில் பம்பாய், மகாராட்டிரம், உத்தரப்பிரதேசம் ஆகிய மூன்று அணிகளே பங்கேற்றன. ஆண்டிறுதியில் வாரணாசியில் எட்டு அணிகளும், அதனையடுத்துக் கல்கத்தாவில் பதினான்கு அணிகளும் ஆடின. 1974இல் மண்டலங்களுக்கிடையே 'ராணி ஜான்சி கோப்பை' தொடங்கிற்று.

இச்சங்கம் ஆடவர் கிரிக்கெட்டை நடத்திய இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் பகுதியன்று. அதன் வருவாயில் இதற்குப் பங்கும் இல்லை. ஆட்டக்காரர்கள் முன்பதிவில்லாத் தொடர்வண்டிப் பெட்டிகளில் பயணம் செய்ததையும், பொதுக்கூடங்களில் தங்கியதையும், மட்டைகளைப் பகிர்ந்து ஆடியதையும் அத்தலைமுறையினர் பின்னாளில் தம் நேர்காணல்களில் கூறியுள்ளனர்.

இந்திய மகளிர் அணியின் முதல் டெஸ்ட் ஆட்டம் 1976 அக்டோபர் 31 அன்று மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகப் பெங்களூரில் தொடங்கியது. அத்தொடரின் இரண்டாம் ஆட்டம் நடந்த இடம் சென்னை. தமிழகத்திலிருந்து சுதா ஷா, சூசன் இட்டிச்செரியா, ஃபௌசியே கலீலி ஆகியோர் அக்காலத்து இந்திய அணியில் ஆடினர். கண்ணூரில் பிறந்த சுதா ஷா 1976 முதல் 1991 வரை 21 டெஸ்ட் ஆட்டங்களில் பங்கேற்றார். 1982 உலகக் கோப்பையில் மிகுதியானோரை ஆட்டமிழக்கச் செய்த விக்கெட் காப்பாளர் கலீலி. பதினைந்து ஆண்டுகளில் 21 ஆட்டங்கள் என்ற எண்ணை ஆட்டக்காரரின் திறனுக்கு அளவாகக் கொள்ளலாகாது. வாய்ப்பின் அருமையையே அது காட்டுகிறது. 1988 உலகக் கோப்பையில் இந்திய மகளிர் அணி பங்கேற்கவே இல்லை.

பன்னாட்டு ஆட்டங்கள் அரிதாக இருந்த அக்காலத்தில் ஆட்டக்காரரின் பருவத்தை நிரப்பியவை மாநில, மண்டல ஆட்டங்களே. ஆயினும் பன்னாட்டு ஆட்டங்களின் புள்ளிவிவரங்கள் இன்று எளிதில் கிடைக்கும் அளவுக்கு மாநில ஆட்டங்களின் விவரங்கள் கிடைப்பதில்லை. சுதா ஷாவின் 21 ஆட்டங்களை எவரும் எண்ணிவிடலாம். அவருடன் தமிழ்நாட்டுக்காக மட்டும் ஆடி ஓய்ந்தவர்களின் பெயர்களைத் திரட்டுவது அரிது. அணியின் வரலாறு தனியர் வரலாறாகச் சுருங்குவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

2. வேலையும் அணியும்

1980களில் இரயில்வேயும் ஏர் இந்தியாவும் மகளிர் அணிகளை உருவாக்கி ஆட்டக்காரர்களுக்கு வேலையளித்தன. ஆட்டத்தால் ஊதியம் கிடைக்காத காலத்தில் நிலையான வேலையே ஒரு பெண் தொடர்ந்து ஆடுவதற்கு வழிவகுத்தது. ஆனால் இரயில்வேயில் பணியேற்றவர் உள்நாட்டுப் போட்டிகளில் இரயில்வே அணிக்கே ஆட வேண்டும். மாநில அணி ஒருவரை வளர்த்து, அவர் முதிர்ச்சி பெறும் பருவத்தில் இழந்துவிடும்.

வாரியத்தின் கீழ் 2006–07இல் தொடங்கிய முதுநிலை மகளிர் ஒருநாள் போட்டியில் இதன் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. 2011–12இல் தில்லியும் 2018–19இல் வங்காளமும் வென்றமை விதிவிலக்குகளாகப் பேசப்படும் அளவுக்கு அங்கு இரயில்வேயின் ஆதிக்கம் நீண்டது. சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, நிரஞ்சனா நாகராஜன், தயாளன் ஹேமலதா ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக்கு மட்டுமன்றி இரயில்வேக்கும் ஆடியவர்கள். எனவே மாநில அணியின் தோல்விகளை அம்மாநிலத்தில் திறனில்லை என்பதற்குச் சான்றாகக் கொள்வது பிழையாகும். கோப்பைகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு எழுதப்படும் வரலாறு இந்த இடப்பெயர்ச்சியைக் காணத் தவறும்.

3. வாரியத்தின் காலம் (2006 முதல்)

பன்னாட்டு மகளிர் கிரிக்கெட் மன்றம் 2005இல் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்துடன் இணைந்தது. அதனைத் தொடர்ந்து 2006இல் இந்திய மகளிர் கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பில் வந்தது. மாநில அளவில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அப்பொறுப்பை ஏற்றது. மகளிர் சங்கத்தின் இறுதிக் கட்டத்தில், 2005 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எட்டிய இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர் சுதா ஷா என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மாற்றத்தால் மைதானம், பயணம், தங்குமிடம், பயிற்சி ஆகியன மேம்பட்டன. எனினும் நீண்ட ஆட்டங்கள் அருகின. 2006 ஆகஸ்டுக்குப் பின் இந்திய மகளிர் அணி தன் அடுத்த டெஸ்ட் ஆட்டத்தை 2014 ஆகஸ்டில்தான், இங்கிலாந்தின் வோம்ஸ்லியில் ஆடியது. காமினியும் நிரஞ்சனாவும் அவ்வாட்டத்தில்தான் டெஸ்ட் அறிமுகம் பெற்றனர். முதல் ஆட்டப்பகுதியில் நிரஞ்சனா 19 ரன்களுக்கு 4 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா வென்றது. அவ்வாண்டு நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராகக் காமினி 192 ரன்கள் எடுத்தார். முன்னதாக, 2013 ஜனவரி 31 அன்று மும்பையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சரியாக 100 ரன்கள் எடுத்து, உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் என்ற சிறப்பையும் அவர் பெற்றிருந்தார். மைசூர் ஆட்டத்துக்குப் பின் இந்திய மகளிர் டெஸ்ட் ஆட்டம் 2021 ஜூனில்தான் நடைபெற்றது. 192 ரன்கள் எடுத்தவருக்கு அடுத்த டெஸ்ட் ஆட்டம் வாய்க்கவே இல்லை.

உள்நாட்டு நிலையிலும் இதே போக்கைக் காணலாம். ஆடவர் மாநில அணிகள் ரஞ்சிக் கோப்பையில் நான்கு நாள் ஆட்டங்கள் ஆடுகின்றன. மகளிர் மாநில அணிகளோ ஒருநாள், இருபது ஓவர் போட்டிகளோடு நின்றுவிடுகின்றன. பல நாள் ஆட்டம் 2024இல் மீண்டும் நடத்தப்பட்டபோதும் அது மண்டல அளவிலேயே அமைந்தது.

2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக்கில் மும்பை, தில்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப்பிரதேசம் ஆகியவற்றின் பெயரில் ஐந்து அணிகள் உள்ளன. சென்னைக்கு அணி இல்லை. 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில் இந்தியா 6 விக்கெட் இழப்புக்கு 603 ரன்கள் குவித்தது. மகளிர் டெஸ்ட் வரலாற்றில் அதுவே மிக உயர்ந்த அணி எண்ணிக்கை. அவ்வாட்டத்தில் இறங்கிய இந்தியப் பதினொருவருள் தமிழ்நாட்டு அணியினர் எவருமில்லை. 2025 நவம்பர் 2 அன்று உலகக் கோப்பையை வென்ற அணியிலும் இல்லை. மறுபுறம், 2024 அக்டோபரில் தமிழ்நாடு 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் இருபது ஓவர் கோப்பையை வென்றது. அவ்வணியில் ஆடிய மதுரையைச் சேர்ந்த கமலினி, 2025 பிப்ரவரியில் உலகக் கோப்பை வென்ற 19 வயதுக்குட்பட்ட இந்திய அணியிலும் இடம்பெற்றார். அடுத்த தலைமுறையின் வேர் மாநில இளையோர் அணியிலேயே உள்ளது என்பதற்கு இது சான்றாகும்.

4. வட்டாரம் என்பது யாது?

மாநில அணி குறிக்கும் வட்டாரம் மொழியின் எல்லையா, நிருவாக எல்லையா என்னும் வினா எல்லையோர ஊர்களில் கூர்மை பெறுகிறது. ஊத்துக்கோட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கிருஷ்ணா நீர் தமிழகத்துள் நுழையும் இவ்வூரில் தமிழும் தெலுங்கும் அன்றாடம் புழங்குகின்றன. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லைச் சீரமைப்பில் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது; சத்தியவேடு சார்ந்த ஊர்கள் ஆந்திரத்திற்குச் சென்றன. இன்று ஊத்துக்கோட்டையில் மட்டை பிடிக்கும் சிறுமிக்குத் தமிழ்நாட்டு அணியும், அண்டையிலுள்ள சத்தியவேட்டில் பிறந்த தமிழ்ச் சிறுமிக்கு ஆந்திர அணியும் இயல்பான இலக்குகள் ஆகின்றன. 2018இல் புதுச்சேரிக்குத் தனி அணி அமைந்தபின் தமிழ் வழங்கும் நிலப்பகுதி மேலும் ஓர் அணியைப் பெற்றது.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்த மிதாலி ராஜ் உள்நாட்டுப் போட்டிகளில் இரயில்வே அணியின் ஆட்டக்காரராகவே அறியப்பட்டார். கேரள மண்ணில் பிறந்த சுதா ஷா தமிழ்நாட்டின் முதல் தலைமுறை முகம் ஆனார். எனவே மாநில அணியின் 'தமிழ்நாடு' என்பது பிறப்பாலோ தாய்மொழியாலோ அமைவதன்று. பயிலும் இடம், பணி, பதிவு ஆகியவற்றால் அமையும் உறுப்புமையே அது. அதனை மொழிப்பெருமிதத்தோடு குழப்பிக்கொள்ளாமல் ஆராய்வது தேவை.

5. சொல்லாட்சி: வீரரும் வீராங்கனையும்

ஆங்கிலத்தில் ஆணைச் சுட்டும் ஈற்றுடன் வழங்கிய 'பேட்ஸ்மேன்' என்னும் சொல்லை விடுத்து, 'பேட்டர்' என்னும் பொதுச்சொல்லை மேரில்போன் கிரிக்கெட் மன்றம் 2021 செப்டம்பரில் விதிகளில் ஏற்றது. தமிழுக்கு இச்சிக்கல் முன்னரே தீர்ந்திருக்க வேண்டும். ஒருவரைப் பன்மையால் சுட்டும் உயர்சொல் வழக்கைத் தொல்காப்பியக் கிளவியாக்கம், இலக்கண நெறியன்று ஆயினும் உலக வழக்கு என ஏற்றுக் கூறுகிறது. அவ்வழக்கின் வழிவந்த மட்டையாளர், பந்துவீச்சாளர், ஆட்டக்காரர் ஆகியன ஆண், பெண் இருவர்க்கும் பொருந்துவன.

ஆயினும் இதழ்களின் வழக்கு வேறு. 'வீரர்' என்பது வடிவத்தால் பொதுச்சொல். அதற்கு இணையாக 'வீராங்கனை' வந்ததும் 'வீரர்' ஆணுக்கே உரியதாகக் குறுகியது. வேலு நாச்சியாரைச் சுட்டும் அதே சொல் பந்து வீசும் பெண்ணையும் சுட்டுகிறது. ராணி ஜான்சியின் பெயரைக் கோப்பைக்கு இட்ட மனப்பாங்குக்கும் இதற்கும் உறவுண்டு: களத்தில் இறங்கும் பெண்ணைப் போர்மகளாகக் கண்டால்தான் ஏற்க முடிந்தது போலும். 'ஆட்ட நாயகன்' என்பதற்கு 'ஆட்ட நாயகி', 'அணித்தலைவர்' என்பதற்கு 'அணித்தலைவி' என்னும் இணைகளும் வழங்குகின்றன. அகப்பாடலில் பெயர் சுட்டப்பெறாத 'தலைவி', விளையாட்டுப் பக்கத்தில் பெயரும் எண்களும் உடையவளாக வருவது பொருள்மாற்ற நோக்கில் சுவையானது. இலங்கைத் தமிழ் இவ்வாட்டத்தைத் 'துடுப்பாட்டம்' எனத் தமிழ்ப்படுத்தி, ஓட்டம், இலக்கு, களத்தடுப்பு என முழுமையான சொற்றொகுதியை வளர்த்துள்ளது; அங்கும் வீரர், வீராங்கனை இணை நீடிக்கிறது.

அடைமொழியும் கருதத்தக்கது. 'தமிழ்நாடு அணி' என்றால் ஆடவர் அணி. பெண்கள் ஆடினால் மட்டும் 'மகளிர்' சேர்கிறது. செய்தியின் தலைப்பு நீண்டு, உள்ளடக்கம் சுருங்குகிறது. இக்கட்டுரை 'ஆடவர் அணி' என்று அடைகொடுத்து எழுதுவது இதனைக் கருதியே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

மகளிர் சங்கத்தின் கீழ் 33 ஆண்டுகள், வாரியத்தின் கீழ் அதன் பிந்தைய ஆண்டுகள் என அணியின் வரலாறு இரு நிருவாகங்களில் பிளவுபட்டுள்ளது. முற்பகுதியின் மாநில அளவிலான பதிவுகளே பெரிதும் நலிந்துள்ளன.

மாநில அணியின் வெற்றி தோல்விகளை இரயில்வேயின் வேலைவாய்ப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

பல நாள் ஆட்டம் இன்மையால் ஆட்டக்காரரின் திறன் முழுமையாகப் பதிவாக வழியில்லை. காமினியின் 192 இதற்குத் தக்க சான்று.

பால் கடந்த சொற்கள் தமிழில் இருந்தும் பால் சுட்டும் இணைகளே ஆளப்படுகின்றன. ஆய்வாளரும் இதழாளரும் மட்டையாளர், பந்துவீச்சாளர், ஆட்டக்காரர் ஆகியவற்றை இருபாலார்க்கும் ஒருங்கே ஆளுதல் இயலும்.

1970களில் ஆடத் தொடங்கியோர் இன்று அறுபது, எழுபது வயதைக் கடந்துள்ளனர். மாநில அணிக்கு மட்டும் ஆடியோரின் நினைவுகளே அவ்வணியின் ஆவணம். நாட்டார் வழக்காறுகளைத் திரட்டுவதில் தேர்ந்த தமிழ்த்துறைகள் அதே களப்பணி முறையை இங்கும் கையாண்டு, அவர்தம் வாய்மொழியைப் பதிவு செய்தல் வேண்டும். பழைய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களையும் கல்லூரி ஆண்டு மலர்களையும் அவ்வாய்மொழியோடு ஒப்பிட்டு முறைப்படுத்தினால், அணி முழுமையின் பெயர்ப்பட்டியலையேனும் மீட்டெடுக்கலாம். இப்பணிக்குக் காலம் குறைவாகவே உள்ளது.