பழைய கம்ப்யூட்டரைக் கழிக்கும் முன்

பிள்ளை மேல்நிலை வகுப்புக்கு வந்துவிட்டது. வீட்டில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டரோ, பொத்தானை அழுத்தி ஐந்து நிமிடம் கழித்துத்தான் வேலைக்குத் தயாராகிறது. உடனே புதிது வாங்கலாம் என்று முடிவாகிறது. கையில் பணம் இல்லையென்றால் பேச்சு வட்டித் தவணை வரை போய்விடுகிறது. அதற்கு முன் பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இத்தகைய கம்ப்யூட்டர்களில் பாடம் படிக்கவும், டைப் செய்யவும், விண்ணப்பம் போடவும் பிராசஸரின் வேகம் பெரும்பாலும் போதும். தாமதம் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும்.

ஹார்ட் டிஸ்க்கினுள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு அதன் முனை நகர்ந்து போய்த்தான் படிக்க வேண்டும். ஒருமுறை என்றால் அது கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படித் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதனால் இந்தக் காத்திருப்பும் இல்லை.

செலவு செய்யும் முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் எஸ்எஸ்டி தேவை. மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியபடியே இருந்தால் ரேமும் தேவை.

2012, 2013 வாக்கில் அசெம்பிள் செய்த ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம்: மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம். இந்தச் சிப்செட்டின் சாட்டா இணைப்பு நொடிக்கு 300 எம்பிக்கு மேல் தராது. ஆகவே விலை உயர்ந்த எஸ்எஸ்டி வாங்கினால் அந்தக் கூடுதல் பணம் விரயமே. சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 அல்லது 256 ஜிபி, தாராளமாகப் போதும். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 வகை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். இதில் அதற்கு இடமில்லை.

ரேமைக் கூடுமானால் 8 ஜிபி ஆக்குங்கள். இந்த போர்டுக்கு டிடிஆர்3 வகை மட்டுமே பொருந்தும். டிடிஆர்4 பட்டையில் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் உள்ளே போகாது; அழுத்திப் பார்த்தால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேமும் ஆகாது. பழைய பட்டையைக் கழற்றிக் கடைக்குக் கையோடு கொண்டுபோவதே நல்லது. கழற்றும் முன் மின் இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடும் ரேம் பயன்படாது, 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

பிராசஸரையும் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். இன்றைய பிராசஸர் இந்த சாக்கெட்டில் உட்காராது. அதற்குப் புது போர்டு, போர்டுக்குப் புது ரேம் என்று போய், கடைசியில் பழைய பெட்டிக்குள் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதாகிவிடும். தேதியும் நேரமும் தினமும் மாறிப்போவது மட்டும்தான் குறை என்றால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றினால் போதும்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இந்த வயதுடைய பிராசஸர்களை ஏற்பதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் இதில் நன்றாக ஓடும். பிரவுசர், கடிதம் டைப் செய்யும் வசதி எல்லாம் அதிலேயே உண்டு. பிள்ளையின் பாடத்துக்கு விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால், இந்தச் செலவைச் செய்யாமல் புதியதற்குச் சேமிப்பதே சரி.

எதைத் தொடும் முன்னும், குடும்பப் படங்களையும் சான்றிதழ் நகல்களையும் வேறொன்றில் எடுத்துவையுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவர வேண்டாம். டெலீட் செய்த படங்களையும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பெண்களின் படங்களும் ஆதார் நகலும் அதில்தான் இருக்கும். டக் டக் என்ற சத்தம் வராத டிஸ்க் என்றால், அதையே இரண்டாவது டிஸ்க்காக உள்ளே மாட்டித்தரச் சொல்லுங்கள்.