கழுத்திலே ஒரு காவலரண்

வெற்றிலைத் தட்டம் நீட்டி விருந்தினரை வரவேற்பது நம் நாட்டின் பழைய வழக்கம். அத்தட்டத்திலுள்ள பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகின்றன என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மை. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவே. ஆயினும், வாயிலே தோன்றும் நோய் கழுத்துக்கு இறங்கும் வழியைப்பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. நோயாளியின் வாழ்வு பெரும்பாலும் தீர்மானமாவது அங்கேதான்.

உடலிலுள்ள நிணநீர்க் கணுக்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கழுத்திலே உள்ளது. வாய், நாக்கு, தொண்டை ஆகியவற்றிலிருந்து வடியும் நிணநீரை அவை வடிகட்டுகின்றன. நாக்கில் அரும்பிய புற்றுக் கலங்கள் அந்நீருடன் வந்து முதலில் தங்குமிடமும் அக்காவலரணே. அப்போது தாடையின் கீழோ கழுத்தின் பக்கத்திலோ கடினமான கட்டியொன்று தோன்றக்கூடும். பெரும்பாலும் அது நோவதில்லை. அந்த நோவின்மையே அதன் வஞ்சகம்.

இக்கணுக்களை ஒரே தொகுதியாக அகற்றும் சத்திரசிகிச்சையை அமெரிக்கரான ஜோர்ஜ் கிறைல் 1906இல் விவரித்தார். கட்டி வெளிப்படும்வரை காத்திருக்கலாமா என்ற வினாவுக்கு மும்பாய் டாட்டா நினைவு வைத்தியசாலையின் ஆய்வு 2015இல் விடையளித்தது. ஆரம்பநிலை வாய்ப்புற்றுடையோருள், முன்கூட்டியே கணுக்கள் அகற்றப்பெற்றவர்களில் நூற்றுக்கு 80 பேர் மூன்றாண்டுகளின் பின்னும் உயிர்வாழ்ந்தனர். காத்திருந்தோரில் அந்த விகிதம் 67.5 மட்டுமே.

அகற்றிய கணுக்கள் நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராயப்படுகின்றன. கணுவைச் சூழ்ந்த மெல்லிய உறையைப் புற்று உடைத்து வெளியேறியுள்ளதா, வெட்டிய விளிம்பிலே எஞ்சியுள்ளதா என்பவை முக்கியமான வினாக்கள். ஆம் எனில், கதிர்ச்சிகிச்சையுடன் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்த்தளிப்பது நோய் மீள்வதைக் குறைக்கின்றதென ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2004இல் வெளியான இரு ஆய்வுகள் காட்டின.

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். “புண் ஆறிவிட்டது, இனி எதற்கு மருந்து?” என்று வீட்டார் எண்ணுகின்றனர். சத்திரசிகிச்சையிலிருந்து ஆறு வாரங்களுக்குள் கதிர்ச்சிகிச்சை தொடங்குதல் நன்று. வாரத்துக்கு ஐந்து நாளாக அது ஏறக்குறைய ஆறு வாரம் நீடிக்கும். வாய் புண்ணாகும், உமிழ்நீர் வற்றும், சோறு விழுங்குவதே வேதனையாகும். ஆயினும் இடையில் நிறுத்தினால், எஞ்சிய கலங்கள் மீண்டும் பெருக நாமே அவகாசம் அளித்தவர்களாவோம். தொடங்குமுன் பற்களைப் பரிசோதித்தலும், தோள் இறுகாதிருக்க அப்பியாசம் செய்தலும், கஞ்சியாகவேனும் போதிய ஆகாரம் உட்கொள்ளலும் அவசியம்.

மஹரகமவிலும் தெல்லிப்பழையிலும் புற்றுநோய்க்கான அரச வைத்தியசாலைகள் உள்ளன. மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணோ, கரையாத கழுத்துக் கட்டியோ இருப்பின் உடனே வைத்தியரை நாடுக. கத்தி தன் கடமையை முடித்தபின்னும் சிகிச்சையில் பாதிவழி எஞ்சியிருக்கக்கூடும். அவ்வழியில் நோயாளியைத் தனியே விடாது கைப்பிடித்து நடத்துவது உற்றாரின் பொறுப்பு.