கார் றிம்முக்குப் பவுடர் கோற்றிங்கா, பெயின்றா?

பனிக்கால ரயர்களைக் கழற்றி மாற்றும் மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் றிம்களின் கோலம் பலருக்கும் கண்ணில் படுகிறது. கனடாவில் வீதிப் பனியை உருக்கக் கொட்டும் உப்பு, பூச்சில் விழுந்த சிறு கீறல் வழியாக உள்ளே இறங்கிவிடும். இரும்பு றிம் துருப்பிடிக்கும். அலுமினிய றிம்மில் மேற்பூச்சுக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெண்கோடுகள் ஓடும். ரயர் வந்து பொருந்தும் விளிம்பில் அரிப்பு ஏறினால் காற்றும் மெல்ல மெல்லக் கசியும். ஆகவே இது அழகு பற்றிய கேள்வி மட்டும் அல்ல.

றிம்மைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. பெயின்ற் என்றால் பிறைமர், நிறம், கிளியர் கோற் என ஒன்றின்மேல் ஒன்றாகத் திரவப் பூச்சு. பவுடர் கோற்றிங்கில் திரவமே இல்லை. மின்னேற்றிய உலர்ந்த தூளை விசிறுவார்கள்; அது றிம்மில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிய சூளையில், பெரும்பாலும் 180 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 10 முதல் 20 நிமிடம் வரை வைத்தால் தூள் உருகி ஒரே தோலாக இறுகும்.

இந்தத் தோல் தடிப்பானது. தெறிக்கும் கல்லையும் உப்பையும் சாதாரண பெயின்றைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் ஒருமுறை உடைந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவது கடினம்; பெரும்பாலும் முழுவதையும் உரித்துத்தான் மீண்டும் பூச வேண்டும். பெயின்ற் சீக்கிரம் கீறும், ஆனால் கீறிய இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். பூசும் நிறத்தைக் காருக்கு ஏற்றபடி கலந்தெடுப்பதும் சுலபம்.

இரும்பு றிம்மைச் சூளை வெப்பம் பாதிக்காது. அலுமினிய றிம்மில்தான் கவனம் தேவை. அதன் வலிமையில் பெரும்பங்கு தொழிற்சாலையில் செய்த வெப்பப் பதப்படுத்தலால் வந்தது. அளவுக்கு மிஞ்சிய சூடோ, திரும்பத் திரும்பச் சூளையில் வைப்பதோ அந்த வலிமையைக் குறைக்கலாம். எத்தனை பாகையில், எவ்வளவு நேரம் வைப்பீர்கள் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு கடை பாருங்கள்.

எந்த வழியானாலும் மூன்று விடயங்களை விட்டுவிடக்கூடாது. முதலாவது, பழைய பூச்சை உரித்ததும் வெடிப்பு, வளைவு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெடித்த றிம்மைப் பூச்சு மறைக்குமே தவிரத் திருத்தாது. இரண்டாவது, நட்டுகள் இறுகும் குழிகளிலும், றிம் காரோடு பொருந்தும் பின்முகத்திலும் தடித்த பூச்சு இருக்கக்கூடாது. அங்குள்ள பூச்சு நசிந்தால் நட்டுத் தளரும். ஓடும்போதே சில்லுக் கழன்றுபோகலாம். மூன்றாவது, சில்லைப் பூட்டி 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் சட்டப்படி கட்டாயம். அங்கு மட்டுமல்ல, மற்ற மாகாணங்களிலும் பல வீடுகளில் இரண்டு செற் றிம்கள் உண்டு. அப்படி இருந்தால் உப்பில் ஓடும் இரும்பு றிம்மைப் பவுடர் கோற்றிங்குக்குக் கொடுங்கள். கோடைக்கால அலுமினிய றிம்மில் நடைபாதைக் கரையில் உரசிய கீறல் மட்டும் என்றால் பெயின்றே போதும். விலை குறைந்த சாதாரண இரும்பு றிம் என்றால், வேலைக்குக் கேட்கும் கூலியைப் புதியதன் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.