மதுரை மலைகளில் வணிகர் எழுத்து

பூஜா விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் போகும் நம் கல்கத்தா அன்பர்கள் மதுரையில் மீனாட்சியம்மன் தரிசனம் முடித்து நேரே ராமேசுவரம் போய்விடுவது வழக்கம். இடையில் ஒரு நாளை மதுரையைச் சுற்றியுள்ள சமண மலைகளுக்கு ஒதுக்குங்கள் என்பதே என் விண்ணப்பம்.

மாணிக்தலாவில் 1867இல் கட்டப்பட்ட பரேஷ்நாத் கோயிலை விருந்தினருக்கெல்லாம் காட்டுகிறோம். அதைப் பார்த்துவிட்டுச் சமணம் வடநாட்டார் மதம் என்று நம்மவர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கல்லில் வெட்டிய மிகப் பழைய தமிழ் எழுத்துகளில் பல, சமண முனிவர் தங்கிய குகைகளில்தான் உள்ளன. மாங்குளம் கல்வெட்டு கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த அதில், பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். வெள்ளறை நிகமத்தார், அதாவது வணிகர் குழுவினர், செய்த கொடையும் அங்கே பதிவாகியுள்ளது.

படாபஜாரில் கணக்கெழுதிப் பழகிய எனக்கு அழகர்மலைதான் அதிகம் பிடிக்கும். கிடாரிப்பட்டிப் பக்கமுள்ள அந்தக் குகையில் உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன் எனக் கொடையாளர் தொழிலோடு நிற்கிறார்கள். கொழு என்றால் ஏர்க்கொழு. அறுவை என்றால் துணி. பாணிதம் கரும்புப் பாகு; இங்கே பனிக்காலத்தில் வாங்குகிறோமே ஜோலா குர், அந்தப் பதம். அரசன் மட்டுமல்ல, கடைக்காரனும் எழுத்தில் நின்ற நாடு நம்முடையது!

குகையின் நெற்றியில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் அதன் வழியே ஓடிவிடும். உள்ளே வழவழவென்று செதுக்கிய கற்படுக்கைகள். ஊரார் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள்.

கீழக்குயில்குடி சமணர்மலை அடிவாரத்தில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் உண்டு. மேலே பேச்சிப்பள்ளத்தில் பாகுபலி, பார்சுவநாதர் முதலான புடைப்புச் சிற்பங்கள். அவற்றில் ஒன்றை அச்சணந்தி முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்ததாக வட்டெழுத்து சொல்கிறது. தென் ஸ்பெயினில் கோர்தோபா மசூதி 1236இல் மாதாகோயிலான பின்னும் பழைய தூண்களைக் காண உலகமே போகிறது. நம் மலைகளிலும் அப்படி ஒன்றன்மேல் ஒன்றாகக் காலங்கள் படிந்திருக்கின்றன. பார்க்கத்தான் ஆளில்லை.

காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். இறங்கியதும் நகரில் பருத்திப்பால் குடிக்கலாம். பருத்திவிதைப் பாலில் வெல்லமும் சுக்கும் சேர்த்தது. பொழுது சாயுமுன் சாப்பிடும் எங்களவருக்கும் ஒத்துப்போகும்.

இம்மலைகள் என்றும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. கிரானைட் குவாரிகள் எத்தனையோ குன்றுகளைத் தின்றுவிட்டன. குகைக் கல்வெட்டும் மகாவீரர் சிற்பமும் குடைவரைச் சிவன் கோயிலும் உள்ள அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும் 2024இல் அப்பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போயிற்று. ஊர்மக்கள் திரண்டு போராடியதால் 2025 ஜனவரியில் மத்திய அரசு அதைக் கைவிட்டது. கல்வெட்டைப் படிக்கத் தெரியாதவர்களும் மலையைக் காத்துக் கொடுத்தார்கள். படித்த நாம் போய்ப் பார்க்கவாவது வேண்டாமா?

பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. பள்ளியில் அவர்கள் எழுதும் வங்க எழுத்துக்கும், வீட்டில் நாம் சொல்லித்தரும் தமிழ் எழுத்துக்கும் தாய் பிராமிதான். அசோகன் கல்வெட்டுகளில் இல்லாத 'ழ' மாங்குளத்தில் இருக்கிறது. நெடுஞ்செழியன் பெயரில் அதைத் தொட்டுவிடாமல் விரலால் சுட்டிக் காட்டுங்கள்.